தனிமைத் தீவும் வானூர்தி இருக்கையும்

பயணம் செய்வோருடன் நோயும் பயணம் செய்யும் என்பதை மனித இனம் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்துகொண்டது. 1377ஆம் ஆண்டில் அட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்த ரகுசா நகரம், கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வந்தோரை முப்பது நாள்கள் ஒதுக்கி வைத்தது. பின்னர் அது நாற்பது நாள்களாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லினின்றே ‘குவாரண்டைன்’ என்னும் சொல் பிறந்தது.

இம்முறை மலாயாத் தமிழர் வரலாற்றோடும் பிணைந்ததாகும். சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874ஆம் ஆண்டில் தனிமைக் காப்பு நிலையம் எழுந்தது. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தகைய நிலையம் அமைந்தது. நாகையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய தொழிலாளர் பலர், மலாயா மண்ணை மிதிக்குமுன் இத்தகைய முகாம்களில் காத்திருந்தனர்.

அந்நாளில் கடலே ஒரு காவலாக இருந்தது. காலரா உடலினுள் புகுந்தால் ஐந்து நாள்களுக்குள் வெளிப்பட்டுவிடும். கப்பற்பயணமோ ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. கரை சேருமுன் நோயாளி யாரெனத் தெரிந்துவிடும். பெரியம்மை வெளிப்பட இரு வாரங்கள் ஆகலாம். எஞ்சிய நாள்களைத் தீவு பார்த்துக்கொண்டது.

வானூர்தி இக்காவலை அகற்றிவிட்டது. நோய் வெளிப்படுமுன்பே பயணி ஊர் சேர்ந்துவிடுகிறார். இவ்விடரை உணர்ந்தே 1933ஆம் ஆண்டில் திஹேக் நகரில் வான்பயணத்திற்கெனத் தனிச் சுகாதார உடன்படிக்கை உருவாயிற்று.

எனினும், உடன்படிக்கைகளால் மட்டும் நோயைத் தடுத்துவிட முடியுமா? 2003ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் சென்ற வானூர்தியில் சார்ஸ் நோய் கண்ட முதியவர் ஒருவர் பயணம் செய்தார். மூன்று மணி நேரப் பயணமே அது. உடன் சென்றோருள் 22 பேருக்கு நோய் தொற்றியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர் பின்னர் கணித்தனர்.

2020ஆம் ஆண்டில் கோவிட் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோது இப்படிப்பினை மீண்டும் முன்வந்தது. இக்காலப் பெரிய வானூர்திகளிலுள்ள வடிகட்டிகள் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்க வல்லவை. ஆயினும், அருகிலிருப்பவரின் இருமல் வடிகட்டியைச் சென்றடையுமுன் அடுத்த இருக்கையை எட்டிவிடும். எனவே முகக்கவசம் கட்டாயமாயிற்று. பயணத்திற்கு முன் பரிசோதனையும் உடல்நல அறிவிப்பும் கோரப்பட்டன.

பெரும்பாலோர் இவற்றுக்கு இணங்கினர், சிலர் பிணங்கினர். அமெரிக்காவில் மட்டும் 2021ஆம் ஆண்டில் ஒழுங்கற்ற பயணிகளைப் பற்றி 5,981 முறையீடுகள் பதிவாயின. அவற்றுள் 4,290 முகக்கவசம் தொடர்பானவை. வானூர்திப் பணியாளர், உணவு பரிமாறுவதோடு வழக்குத் தீர்ப்போராகவும் நிற்க வேண்டியதாயிற்று.

கப்பற் காலத்தில் பயணியின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. தீவில் இறக்கினர், அவன் இறங்கினான். ஏழைத் தொழிலாளியின் மீது சுமத்தப்பட்ட அக்கட்டாயத்தில் இழிவும் கலந்திருந்தது. வானூர்திக் காலத்திலோ காவலின் பெரும்பகுதி பயணியின் நேர்மையிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. காய்ச்சலை மறைக்காமல் எழுதுவதும், நோயுற்ற நாளில் பயணத்தைத் தள்ளி வைப்பதும், பிறர் பொருட்டு முகத்தை மூடிக்கொள்வதும் அந்நேர்மையின் கூறுகளாம். முன்னோர் கட்டாயத்தின் பேரில் ஆற்றிய கடமையை, உரிமையோடு பறக்கும் இத்தலைமுறை விரும்பி ஆற்றுதல் இயலாத செயலன்று.