சமஷ்டி கேட்ட கண்டியர்

சமஷ்டி என்னும் சொல் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியோடுதான் இந்நாட்டு அரசியலிற் புகுந்தது என நம்புவோர் இன்றும் உளர். மேல்வகுப்பு மாணவரிடம் நான் ஆண்டுதோறும் காணும் நம்பிக்கையும் இதுவே. ஆனால் அதற்கு இருபதாண்டுகளுக்கு மேலாக முன்னரே அச்சொல்லைக் கோரிக்கையாக எழுப்பியோர் கண்டிச் சிங்களவர். அவர்களை அந்நிலைக்குத் தள்ளிய கதை 1833இல் தொடங்குகின்றது.

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமாயிற்று. அதனைக் கையளித்த பிரதானிகள், தம் வழமைகளும் சிறப்புரிமைகளும் காக்கப்படும் என உடன்படிக்கையில் எழுதி வாங்கியிருந்தனர். 1818இல் பெருங்கிளர்ச்சி நசுக்கப்பட்ட பின்னரும் மலைநாடு கரையோரத்தினின்றும் வேறாகவே ஆளப்பட்டது. அவ்வேற்றுமையை ஒழித்த ஆண்டு 1833. கோல்புரூக், கமரன் ஆகியோரின் பரிந்துரைப்படி தீவு முழுவதும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தது. ஐந்து மாகாணங்கள் வகுக்கப்பட்டன. எல்லைக் கோடுகள் கண்டிய நிலத்தைத் துண்டாடின. நுவரகலாவிய வட மாகாணத்தோடும், ஏழு கோறளை மேல் மாகாணத்தோடும் ஒட்டப்பட்டன. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழிக்கப் பரிந்துரைத்ததும் இவ்வாணைக்குழுவே என்பதை மறத்தலாகாது. ஊழியத்தினின்று விடுபட்டவன் தோட்டத்துக்குக் கூலியாக வருவான் என்பது ஆண்டவரின் கணக்கு. அவன் வரவில்லை. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஏழைத் தமிழர் கொண்டுவரப்பட்டனர்.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் மத்திக்கும் மாநிலத்துக்குமிடையிலான வழக்கு முற்றியிருந்தது. 1832 நவம்பரில் தென் கரோலைனா, மத்திய அரசின் சுங்கத் தீர்வைச் சட்டங்கள் தன் எல்லைக்குட் செல்லா எனப் பிரகடனஞ் செய்தது. சனாதிபதி அன்ட்ரூ ஜாக்சன் படைபலங் காட்டி எச்சரித்தார். 1833 மார்ச்சில், படையை ஏவ அதிகாரமளிக்கும் சட்டமும் தீர்வையைக் குறைக்கும் சட்டமும் ஒருங்கே நிறைவேறின. மாநில உரிமை பேசிய அத்தென் கரோலைனாவின் குடிசனத்திற் பெரும்பான்மையோர் அடிமைகள்! இன்று தீர்வையில் தலையிடும் மத்தி நாளை அடிமை முறையிலும் தலையிடும் என்பதே பண்ணை முதலாளிகளின் உள்ளச்சம்.

ஜாக்சனின் மறுமுகம் ஜோர்ஜியாவிலே தெரிந்தது. செரோக்கி இந்தியரின் நிலத்தில் மாநில அனுமதியின்றி வாழ்ந்தார் என்பதற்காகச் சாமுவேல் வூஸ்டர் என்ற மிஷனரிக்கு நான்காண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. அவரை அங்கு அனுப்பியது அமெரிக்க மிஷன் சங்கம். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிமாரை அனுப்பியதும், வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்தியதும் அதே சங்கந்தான். 1832 மார்ச்சில் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஜோர்ஜியாவின் சட்டம் செரோக்கி நிலத்திற் செல்லாது எனத் தீர்த்தது. ஜோர்ஜியா அதனைப் பொருட்படுத்தவில்லை, ஜாக்சனும் அசையவில்லை. சுங்கப்பணம் என்றதும் விழித்தெழுந்த மத்திய அதிகாரம், பழங்குடியினரின் நிலம் என்றதும் உறங்கிவிட்டது. 1838இல் அம்மக்கள் படையினரால் மேற்கே விரட்டப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

ஆகவே, மத்தி நல்லதா மாநிலம் நல்லதா என்று பொதுப்படக் கேட்பதிற் பயனில்லை. அதிகாரம் எவர் கையில், எவர்மேற் செலுத்தப்படுகிறது என்பதே கேள்வி. கண்டியையும் இக்கண் கொண்டே நோக்கவேண்டும்.

1926இல், ஒக்ஸ்போர்டிற் பயின்று திரும்பியிருந்த இளைஞர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க யாழ்ப்பாணத்திற் சமஷ்டியை ஆதரித்துச் சொற்பொழிவாற்றினார்; பத்திரிகையிலும் எழுதினார். 1927இல் கண்டியர் தேசிய சபை, டொனமூர் ஆணைக்குழுவின் முன், கண்டியருக்கும் கரைநாட்டுச் சிங்களவருக்கும் வடகீழ் மாகாணத் தமிழருக்குமாக மூன்று சுயாட்சிப் பிரிவுகள் வேண்டுமென்றது. ஆணைக்குழு இணங்கவில்லை. இக்கோரிக்கையின் பின்னே நின்றது பெரும்பாலும் மலைநாட்டுப் பிரதானி வகுப்பு. கரைநாட்டு வணிகரும் வழக்கறிஞரும் மேலோங்கியதால் எழுந்த கவலையோடு, தோட்டத் தமிழரின் வாக்கைப் பற்றிய அச்சமும் அதிற் கலந்திருந்தது.

பின்னர் சமஷ்டியின்றியே அவர்களுக்கு வேண்டியது கிடைத்தது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. ஆயின் தேர்தற் தொகுதிகளோ அத்தொழிலாளரையும் தலையெண்ணி 1946இல் வகுத்தவை. 1947இல் அவர்தம் பிரதிநிதிகள் நாடாளுமன்றஞ் சென்றனர். 1952இல் ஒருவர்தானும் செல்லவில்லை. அந்த எண்ணிக்கையின் பலன் மட்டும் பிறருக்குச் சென்றது. அமெரிக்க யாப்பு ஐந்து அடிமைகளை மூவராகக் கணக்கிட்டு, அவர்களின் எசமானரது மாநிலங்களுக்கு ஆசனங்களைக் கூட்டிக்கொடுத்ததே, அந்தக் கணக்குத்தான் இங்கும்! நம் மலைநாட்டில் ஐந்துக்கு ஐந்தாகவே எண்ணினார்கள் என்பதொன்றே வேறுபாடு.

பண்டாரநாயக்க 1957இல் செல்வநாயகத்துடன் உடன்படிக்கை செய்து, 1958 ஏப்ரிலில் அதனைக் கைவிட்டதை யாவரும் அறிவர். இடதுசாரிகளின் கதை நம்மிடையே அவ்வளவு பேசப்படுவதில்லை. 1944இற் கம்யூனிஸ்ட் கட்சி தமிழரைத் தனித் தேசிய இனமாக ஏற்றுச் சுயநிர்ணய உரிமை பேசியது. 1966 ஜனவரியிலோ அக்கட்சியும் சமசமாஜக் கட்சியும், தமிழ்மொழி உபயோகப் பிரமாணங்களை எதிர்த்து ஊர்வலம் போனவரோடு நின்றன. ஒற்றையாட்சி என்ற சொல் அரசியலமைப்பில் முதன்முதல் ஏறியது 1972இல். அதற்குப் பொறுப்பான அமைச்சர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்து நின்றவரும் அவரே.