வெட்டுண்ட முகங்களும் சொல்லப்படாத கதைகளும்

திருவில்லிபுத்தூருக்குச் செல்வோர் அங்கே திருமலை நாயக்கரின் அரண்மனையைக் காணலாம். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட அம்மன்னர், ஆண்டாளுக்கு உச்சிக்கால வழிபாடு முடிந்ததை வழிநெடுக எழுப்பிய மணி மண்டபங்களின் ஓசையால் அறிந்த பின்னரே உணவு கொள்வார் என்பது இவ்வட்டாரத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. மன்னரைப் பற்றிய கதைகளுக்குக் குறைவில்லை. ஆனால், அவர் ஆட்சியின் இறுதியாண்டுகளில் முகம் சிதைக்கப்பட்ட எளிய மக்களின் கதையைச் சொல்ல எந்த மணியும் ஒலிக்கவில்லை.

1656-ஆம் ஆண்டை ஒட்டி, மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசரின் படை மதுரை நாட்டினுள் புகுந்தது. கையில் அகப்பட்டோரைக் கொல்லாமல், மூக்கையும் மேலுதட்டையும் அறுத்துவிடுமாறு படைவீரருக்குக் கட்டளை இடப்பட்டிருந்தது. அறுத்த மூக்குகள் மைசூருக்கு அனுப்பப்பட்டன. சேதுபதியின் உதவியால் மைசூர்ப் படை புறமுதுகிட்டது; பின்னர் மதுரைப் படையும் மைசூர் நாட்டில் புகுந்து அதே கொடுமையைச் செய்தது. வரலாறு இதனை 'மூக்கறுப்புப் போர்' என்கிறது.

இச்செய்தியை நமக்கு எழுதி வைத்தவர்களுள் முக்கியமானவர், மதுரை மறைத்தளத்தில் உழைத்த இயேசு சபைக் குரு அந்தாம் தெ புரோயென்சா. அவர் 1659-இல் எழுதிய மடல் இக்கொடுமையை விவரிக்கிறது. தமிழ்ச் சொற்களைத் தேடித் தொகுத்து அவர் உருவாக்கிய தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி, அவர் மறைவுக்குப் பின் 1679-இல் அச்சேறியது. அவருடைய மடல் இல்லையேல் நாம் அறிந்திருப்பது இன்னும் குறைவாகவே இருக்கும். ஆயினும், மூக்கிழந்த ஒருவர் தம் வாயால் சொன்ன கதை ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. கம்பன் தன் காவியத்தில் சூர்ப்பணகைக்குப் புலம்பலேனும் கொடுத்தான். இம்மக்களுக்கு அதுவும் கிட்டவில்லை. போர் ஓய்ந்தபின் அவர்கள் எவ்வாறு ஊர் திரும்பினர்? கிணற்று நீரில் தம் முகத்தை முதலில் கண்டபோது என்ன எண்ணினர்? 'மூக்கறுபட்டான்' என்றாலே மானம் இழந்தான் என்று பொருள் கொள்ளும் மொழியில் அவர்கள் வாழ்ந்தாக வேண்டியிருந்தது.

நூற்றாண்டு ஒன்று கடந்தபின் இன்னொரு மைசூர்ப் போர். 1792-இல் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பூனாவுக்கு அருகே, செங்கல் செய்யும் மரபைச் சேர்ந்த ஒருவர், அவருடைய நெற்றித் தோலைக் கொண்டே புதிய மூக்கை அமைத்தார். 1794-இல் இலண்டன் இதழ் ஒன்று அதனைப் படத்துடன் வெளியிட்டது. அம்முறையைப் பின்பற்றி 1814-இல் இலண்டன் மருத்துவர் கார்ப்யூ அறுவை செய்தார். கவாஸ்ஜியின் மூக்கு மருத்துவ வரலாறாயிற்று. அவருடைய உள்ளமோ எவராலும் எழுதப்படவில்லை.

இன்றும் இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில், பட்டாசுத் தீயால் வடுப்பட்ட முகத்தையோ பிளவுற்ற உதட்டையோ காணும்போது நாம் என்ன செய்கிறோம்? சிலர் உற்று நோக்குகிறோம். சிலர் பார்வையைத் திருப்பிக்கொள்கிறோம். சிலர் அறிமுகமின்றியே, "எப்படி ஆயிற்று?" என வினவுகிறோம். மூன்றும் ஒருவரை அவருடைய வடுவாகவே சுருக்கிவிடுகின்றன. அவரே விரும்பிய வேளையில், தாமே தம் கதையைச் சொல்லும்போதுதான் அவ்வடு முழு வாழ்வின் ஒரு பகுதியாகித் தனக்குரிய இடத்தைப் பெறுகிறது. பிறர் தந்த பெயரை விடுத்து, தம்மைத் தாமே ஏற்றுக்கொள்ளும் தொடக்கம் அதுவே.

உயிர்த்த ஆண்டவர் சீடர் நடுவே வந்து நின்றபோது, தம் காயங்களை மறைத்துக்கொள்ளவில்லை. எவரும் கேட்கும் முன்னரே கைகளையும் விலாவையும் காட்டினார் என யோவான் நற்செய்தி கூறுகிறது. மகிமை பெற்ற உடலிலும் தழும்புகள் அழிக்கப்படவில்லை. அவை சாவை வென்றவரின் சான்றாயின.

நம் அன்பியக் கூட்டங்களில் அனைவரும் செபிக்கிறோம், விவிலியம் வாசிக்கிறோம். வடுப்பட்ட முகத்தோர் தம் கதையைச் சொல்லவும், நாம் இரங்காமல் செவிமடுக்கவும் அங்கே இடம் உண்டா? மூக்கறுப்புப் போரில் முகம் இழந்தோரின் குரலை நாம் இனி மீட்க இயலாது. நம் அருகில் அமர்ந்திருப்பவரின் குரலை நாம் இழக்க வேண்டியதில்லை.