காவிரியின் நடுவே ஒரு புகலிடம்

நீலசந்திராவில் வாழும் தமிழன்பர்கள் தம் ஊர்ப்பெயரைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பெங்களூரைச் சூழ்ந்து 'சந்திரா' என முடியும் ஊர்கள் பல உள்ளன. அவற்றில் உறைபவன் வானத்துச் சந்திரன் அல்லன். 'சமுத்திரம்' என்னும் சொல்லே அவ்வாறு தேய்ந்தது என்பர். சமுத்திரம் என்றது ஏரியை. வயலுக்கென மண்கரை எழுப்பித் தேக்கிய நீருக்கு எத்துணைப் பெரிய பெயர்!

அவ்வாறு உழவுக்கெனத் தடுத்த நீரில் பறவைகள் அழையா விருந்தினராய் வந்து குடியேறிய வரலாறு ஒன்று உண்டு. மைசூர்ச் சாலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே, காவிரியின் நடுவில் அமைந்த ரங்கனதிட்டுவே அது. ஆற்றிடை மேட்டைத் திட்டு என்பது நமக்கும் பழகிய வழக்கே.

1645க்கும் 1648க்கும் இடையில், மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையார் இங்கே ஆற்றின் குறுக்கே ஓர் அணை அமைத்தார். அவர் கருதியது பாசனம். நாரைகளை நினைத்திருக்க நியாயமில்லை. நீர் உயரவே, சில மேடுகள் மட்டும் தீவுகளாய் எஞ்சின. சுற்றியோடும் வெள்ளமே அவற்றுக்கு அகழியாயிற்று. நரியும் காட்டுப்பூனையும் எளிதில் அணுகவொண்ணாத அவ்விடத்தில், மருதமும் மூங்கிலும் தாழையும் செறிந்தன. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், இராக்கொக்கு ஆகியவை கூடு கட்டின. பாறைகளில் முதலைகள் வெயில் காய்ந்தன. நீர்நாய்கள் மீன் தேடின. மரக்கிளைகளில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாய்த் தொங்கின.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இச்செல்வத்துக்குச் சட்டக் காப்பு இருந்ததில்லை. மைசூர் சமஸ்தானத்துப் பறவைகளை ஆராய வந்த சலீம் அலி இதன் அருமையை உணர்ந்து அரசுக்கு எடுத்துரைத்தார். 1940இல் இது சரணாலயமாயிற்று. அன்று காக்கப்பெற்ற பரப்பு சுமார் 40 ஏக்கரே. நம் கிராமங்களில் நடுத்தரமான ஏரி ஒன்றுகூட அதனினும் பெரிதாய் இருக்கும். 2022இல் இவ்விடம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. கர்நாடகத்தில் அப்பெருமையை முதலில் அடைந்தது இதுவே.

ஆயினும் சட்டத்துக்கு அடங்காத ஒன்று உண்டு. ஆற்றின் மேற்புறம், கண்ணம்பாடியில் 1911இல் கட்டத் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணை நிற்கிறது. தென்மேற்குப் பருவமழையில் அது நிரம்பி மதகுகள் திறக்கப்படுங்கால், தாழ்ந்த திட்டுகள் மூழ்கிவிடுகின்றன. பறவைகள் பல குஞ்சு பொரிக்கும் காலமும் அதுவே. 2019 ஆகஸ்டு வெள்ளத்திலும் இவ்வாறே நேர்ந்தது. மனிதன் கட்டிய ஓரணை தந்த வீட்டை, மனிதன் கட்டிய மற்றோரணையின் நீர் நனைக்கிறது.

ஆடி மாதத்தில் கண்ணம்பாடி நிரம்பிற்று என்று கேட்டவுடன் தஞ்சை உழவரின் உள்ளம் குளிர்கிறது, நமக்கும் அப்படித்தான். அந்த நீர் மேட்டூருக்கு வந்து சேருமுன்பே ரங்கனதிட்டுவைக் கடந்துவிடுகிறது. தாழ்ந்த கிளையில் கூடு கட்டிய தாய்ப்பறவை அவ்வேளையில் நீர்மட்டத்தைப் பார்த்தவாறு அமர்ந்திருக்கும்.