ஜவ்வாது மலைக்கு வண்டியில போறீங்களா? எங்கே நிறுத்தலாம், எங்கே ரிப்பேர் பார்க்கலாம்... முழு விவரம்!

சனிக்கிழமை காலை. போளூரில் ஒரு டீ, டேங்க் ஃபுல், அப்படியே மலை ஏறுகிறீர்கள். ஜமுனாமரத்தூர் வரை பிரச்னையே இல்லை. பீமன் அருவி, படகுத்துறை எல்லாம் பார்த்துவிட்டு, யாரோ இன்ஸ்டாவில் போட்ட ஒரு 'வியூ பாயின்ட்'டைத் தேடி சின்னதாக ஒரு கிராமத்துச் சாலைக்குள் திரும்புகிறீர்கள். ஒரு கார் போனால் எதிரே பைக் வருவதே கஷ்டம். "ரெண்டு நிமிஷம்தானே" என்று வண்டியை அங்கேயே போட்டுவிட்டு நடக்கிறீர்கள். அந்த ரெண்டு நிமிஷம் ஒரு மணி நேரமாகிறது.

சென்னையில் இதற்கு ஹாரன் அடிப்பார்கள், திட்டுவார்கள். மலையில் பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதனால் அங்கே பிரச்னை இல்லை என்று அர்த்தமில்லை.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில், 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லாமல், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துபோனது. ஆம்புலன்ஸும் வீடு வரை போக முடியாததால், குழந்தையின் உடலைத் தாயே சுமந்துகொண்டு மலையேறினார். தமிழ்நாட்டையே உலுக்கிய செய்தி அது. சாலை வேண்டும் என்று எத்தனையோ மலைக் கிராமங்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கின்றன. போராடி வாங்கிய அந்த ஒற்றைச் சாலையில்தான் நம் காரை குறுக்கே நிறுத்துகிறோம். 108 வந்தால் சுற்றிப்போக வேறு வழி கிடையாது.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஈ பிரிவின்படி ரூ.10,000 அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் சேர்ந்தே கிடைக்கலாம். ஆனால் ஆளில்லாமல் பூட்டி நிற்கிற வண்டி எப்படி வழிவிடும்? அதனால் குறுகிய சாலையில் நிறுத்தினால் ஒருவராவது சாவியோடு வண்டியிலேயே இருங்கள். இல்லையென்றால் ஊருக்கு வெளியே அகலமான இடத்தில் விட்டுவிட்டு நடந்து போங்கள். மலைக்குப் போவதே நடக்கத்தானே!

எங்கே நிறுத்தக் கூடாது?

சாலை விதிகளில் இருப்பது எல்லோருக்கும் பாதி தெரியும்: சந்திப்பு, வளைவு, மேட்டின் உச்சி, பாலம், நடைபாதை, பஸ் ஸ்டாப், பள்ளி, மருத்துவமனை வாசல், அடுத்தவர் வீட்டு வாசல். இதில் வளைவும் மேட்டு உச்சியும் சமவெளிக்காரர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளாதவை. ஜவ்வாது மலையில் ரெண்டும் ஃபர்லாங்குக்கு ஒன்று வரும். ஹேர்பின் வளைவில் கொஞ்சம் அகலமாக இருக்கிறதே என்று செல்ஃபிக்கு நிறுத்துகிறீர்கள் பாருங்கள், அந்த அகலம் பஸ் திரும்புவதற்காக விட்டது. மேலேறி வரும் பஸ் அங்கே நின்றுவிட்டால், மறுபடி நகர்த்துவதற்குள் டிரைவருக்கு உயிர் போய் உயிர் வரும். குறுகலான மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதியும் இதனால்தான்.

நோ பார்க்கிங்குக்கு முதல் முறை ரூ.500, அடுத்த முறை ரூ.1,500. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் இருந்து இந்தக் கட்டணம்தான். போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிறுத்தினால் 201-வது பிரிவு தனி, அதிலும் ரூ.500 வரை. முன்பு அந்தப் பிரிவு பழுதாகி நிற்கும் வண்டிக்கு மட்டும்தான். 2019 திருத்தத்தில் 'பழுதான' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். நன்றாக ஓடுகிற வண்டிக்கும் இப்போது பொருந்தும்.

சட்டத்தில் எழுதப்படாத ஒன்றும் இருக்கிறது. ஜவ்வாது மலையின் முக்கியமான பயிர் சாமை. வீட்டுக்கு முன்னால் சாணி மெழுகி சமமாக, சுத்தமாக ஓர் இடம் இருந்தால் அது பார்க்கிங் இல்லைங்க, களம். தானியம் அடிக்கவும் காயவைக்கவும் உள்ள இடம். டயர் ஏறினால் மறுபடி மெழுக வேண்டும். "அண்ணே, இங்க வண்டி நிறுத்திக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே நல்ல இடம் காட்டுவார்கள்.

சாலையை விட்டு இறங்கி காட்டுக்குள் ஓட்டவே வேண்டாம். ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு, அனுமதியில்லாமல் உள்ளே போவது வனச் சட்டப்படி குற்றம். கோடையில் காய்ந்த புல் மேல் நிறுத்துவது அதைவிட ஆபத்து. மலையேறி வந்த வண்டியின் சைலன்சரும் அதோடு இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும். புல் பற்றிக்கொள்ள அது போதும்.

காவலூர் பக்கம் இரவில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. ஊர் இருட்டாக இருப்பதால்தான் அதை அங்கே வைத்தார்கள். ஹெட்லைட்டை எரியவிட்டு ரீல்ஸ் எடுப்பதை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

சரிவில் நிறுத்துவது எப்படி?

வண்டி தானாக உருளாதபடி இன்ஜினை அணைத்து, பிரேக் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது 126-வது பிரிவு. ஆனால் மலையில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். கார் மேடு பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். ஸ்டீயரிங்கை மலைச்சுவர் இருக்கும் பக்கமாகத் திருப்பி விடுங்கள். முன்னால் உருண்டாலும் பின்னால் உருண்டாலும் வண்டி சுவரில்தான் போய் முட்டும், பள்ளத்துக்குப் போகாது. டயருக்கு ஒரு கல்லும் வையுங்கள். பைக் என்றால் மூக்கு மேட்டைப் பார்க்க வேண்டும், முதல் கியரில் இருக்க வேண்டும். இறக்கம் பார்த்து நிறுத்தினால் வண்டி லேசாக முன்னால் நகர்ந்தாலே சைடு ஸ்டாண்ட் மடங்கிவிடும்.

வண்டி நின்னுபோச்சு... இப்போ என்ன?

வளைவிலேயே பஞ்சர் ஆனாலும் அங்கே ஜாக்கி போடாதீர்கள். டயர் போனாலும் பரவாயில்லை, மெதுவாக உருட்டி நேரான, சமமான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹசார்ட் லைட் போடுங்கள், எச்சரிக்கை முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி, வளைவுக்கு முன்பே தெரிகிற மாதிரி வையுங்கள். நம்ம ஊர் லாரிக்காரர்கள் பச்சைக் கிளையை ஒடித்து வைப்பார்கள். பகலில் புரியும், ராத்திரி அது யார் கண்ணிலும் படாது.

இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் சூடு. நியூட்ரலில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் ஆயில் கொதித்துவிடும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஏற்கெனவே சூடாகியிருந்தால் நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகும்.

வண்டியின் கண்டிஷனும் ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கையும் மலையில் உயிர் விஷயம். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வரும் ஜவ்வாது மலைப் பகுதியில், செம்பரை மலைக் கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிச் சென்ற பிக்கப் வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றாதீர்கள் என்று சொல்வது சுலபம். பஸ் வராத ஊரில் அதுதான் பஸ் என்பதும் உண்மை.

தெருவில் ரிப்பேர் பார்க்கலாமா?

இது மலை ஊர்க்காரர்களுக்கும் சரி, சென்னை அப்பார்ட்மென்ட்வாசிகளுக்கும் சரி, தினசரிச் சண்டை. டயர் மாற்றுவது, பேட்டரி கழற்றுவது எல்லாம் சின்ன வேலை, யாரும் தடுக்கப்போவதில்லை. ஆயில் மாற்றுவதுதான் சிக்கல். கழிவு ஆயில், 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது. செய்யாறு பிறப்பதே ஜவ்வாது மலையில்தான். ஓடையோரம் நிறுத்தி வண்டி கழுவி, ஆயில் மாற்றினால் அது போகிற இடம் கீழே இருக்கிறவர்களின் கிணறு. கேனில் பிடித்து சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பழைய பேட்டரியை 2022 விதிகளின்படி கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சத்தம்? குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது 2000-ம் ஆண்டு விதி. ஆக்ஸிலரேட்டரைத் திருகித் திருகி டியூனிங் பார்ப்பது இரவில் வேண்டாம். மாற்றிய சைலன்சருக்கு 190(2) பிரிவில் ரூ.10,000 வரை அபராதம் உண்டு.

வருடக்கணக்கில் தெருவில் துருப்பிடித்து நிற்கும் வண்டி உங்கள் ஊரிலும் ஒன்று இருக்குமே? 127-வது பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் நிற்கும் வண்டியைச் சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி அகற்றச் சொல்லலாம். செலவு உரிமையாளர் தலையில். அக்கம்பக்கத்தினரோ அசோசியேஷனோ டயரில் காற்றைப் பிடுங்குவதற்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் இடமில்லை!

அப்பார்ட்மென்ட் கேட்டுக்கு உள்ளே கதை வேறு. அங்கே அசோசியேஷன் துணைவிதிகள்தான் முதலில். ஆனால் திறந்தவெளி பார்க்கிங், 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி எல்லோருக்கும் பொதுவான இடம், பில்டர் தனியாக விற்க முடியாது. தூண்களுக்கு நடுவில் உள்ள ஸ்டில்ட் பார்க்கிங்கும் பொது இடம்தான் என்று, மகாராஷ்டிராவில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. "காசு கொடுத்து வாங்கினேன்" என்று யாராவது சண்டைக்கு வந்தால் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கிராமத்தில் அசோசியேஷன் இல்லை, ஆனால் கிராம சபை இருக்கிறது. ஊருக்குள் ஓடும் ஊராட்சிச் சாலை ஊராட்சியின் பொறுப்பு. சுற்றுலா வண்டிகளுக்கு ஊர் எல்லையிலேயே ஓர் இடம் ஒதுக்கலாம், கோடை விழா நாட்களில் குறுகிய தெருவுக்குள் கார் வேண்டாம் என்று மாவட்ட நிர்வாகத்திடம் கேட்கலாம். அதற்கான தீர்மானத்தை அங்கேதான் போட முடியும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு கூட்டங்கள். மலையில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களும் போய் உட்காரலாம். வண்டிகள் அவர்களைத் தேடித்தானே வருகின்றன!

கிளம்பும்போது ஒன்று. டயருக்கு வைத்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வண்டியில் ஏறுங்கள். ராத்திரி அதே வழியாக பைக்கில் வருகிறவருக்கு அந்தக் கல் தெரியாது.