ஏரிக்கரையில் ஓர் ஊர்

ஒரு நிலப்பரப்பை ‘ஊர்’ என ஏற்பதா, வெறும் குடியிருப்பு என ஒதுக்குவதா என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உரியது? பதிவேட்டை வைத்திருப்பவர்க்கா, அங்கே வாழ்பவர்க்கா? ‘ஊர்’ வேறு, ‘சேரி’ வேறு என்று பிரித்து வைக்கப்பட்ட மக்களின் வழிவந்த நமக்கு இக்கேள்வி புதியதன்று. நம்மைப் போலவே ஒதுக்கப்பட்ட அமெரிக்கக் கறுப்பின மக்கள், ஓர் ஏரிக்கரையில் இதே கேள்வியை எதிர்கொண்டனர். அவ்வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், லேக் மாவட்டத்தில், யேட்ஸ் என்னும் ஆட்சி வட்டத்துக்குள் அமைந்தது ஐடில்வைல்டு. அதற்கெனத் தனி நகராட்சி இல்லை, மேயர் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அது வட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே.

அதன் தோற்றமும் பெருமைக்குரியதாகத் தெரிவதில்லை. பைன் மரங்கள் வெட்டித் தீர்க்கப்பட்ட காட்டு நிலத்தை, 1912ஆம் ஆண்டளவில் வெள்ளையர் சிலர் வாங்கிச் சிறு சிறு மனைகளாகப் பிரித்தனர். மனை ஒன்று 35 டாலர் என விலை வைத்து, சிறு முன்பணமும் மாதத் தவணையுமாகக் கறுப்பின மக்களுக்கு விற்றனர். விற்றவர்க்கு அது வாணிகம். வாங்கியவர்க்கோ அது வேறொன்றாக இருந்தது.

அது என்ன என்பதை அறிய 1919ஆம் ஆண்டைப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டு சூலை 27ஆம் நாள், சிகாகோ நகரை ஒட்டிய மிச்சிகன் பேரேரியில் யூஜின் வில்லியம்ஸ் என்னும் 17 வயதுக் கறுப்பின இளைஞன் நீரில் மிதந்துகொண்டிருந்தான். வெள்ளையர் தமக்கென வகுத்துக்கொண்ட நீர்ப்பகுதிக்குள் அவன் சென்றுவிட்டான் என்பதற்காகக் கல்லெறிந்தனர். அவன் மூழ்கி இறந்தான். அதனால் மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டை நீரின்மேலும் வரைய முடியும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1927இல் மகாத் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருக அண்ணல் அம்பேத்கர் ஓர் அறப்போரே நடத்த வேண்டியிருந்தது. அத்தகைய காலத்தில், அச்சமின்றி இறங்கிக் குளிக்க ஓர் ஏரி, கதவடைக்காத ஒரு விடுதி, தம் பெயரில் ஒரு துண்டு நிலம் ஆகியவற்றை ஐடில்வைல்டு கறுப்பின மக்களுக்கு அளித்தது.

1893இல் இதயத்தைச் சூழ்ந்த உறையைத் தைத்து ஓர் உயிரைக் காத்த அறுவை மருத்துவர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் அங்கே நிலம் வாங்கினார். முதுமையில் அங்கேயே தங்கி, 1931இல் அங்கேயே காலமானார். அறிஞர் டுபாய்ஸ் அங்கே மனை வாங்கியதோடு, 1921இல் தம் ‘தி கிரைசிஸ்’ இதழில் அவ்விடத்தைப் போற்றி எழுதினார். 1950களில் லூயி ஆம்ஸ்டிராங் போன்ற பெருங்கலைஞர்கள் அங்கே பாடினர். விடுமுறை நாள்களில் 25,000 பேர் வரை திரண்டனர் என்பர்.

பின்னர் 1964இல் குடிசார் உரிமைகள் சட்டம் வந்தது. அடைபட்டிருந்த விடுதிகளும் கடற்கரைகளும் திறந்தன. மக்கள் அவற்றை நாடிச் சென்றனர். ஐடில்வைல்டின் அரங்குகளில் விளக்குகள் அணைந்தன. சென்றவர்களை நாம் குறைகூறுவதற்கில்லை. விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமைக்காகத்தானே அவர்கள் போராடினர்?

இப்போது கேள்விக்கு வருவோம். ஐடில்வைல்டு ஊர்தானா? ‘கோடைக்கு வந்து போகும் இடம், வணிகர் வரைந்த மனைப்படம், நகராட்சியற்ற பகுதி’ என்று மறுப்போர் கூறலாம். அவை பொய்யல்ல. ஆயினும் கோடை முடிந்த பின்னும் பனிக்காலத்தைக் கடந்து அங்கே வாழ்ந்தோர் இருந்தனர். வழிபாட்டு இல்லங்கள் எழுந்தன. மனை உரிமையாளர்கள் சங்கம் அமைத்தனர். ஊரின் பெயரிலேயே அஞ்சல் நிலையம் ஏற்பட்டது. கூட்டம் கலைந்த பின்னும் சிலர் அங்கேயே நின்றனர். 1979இல் அமெரிக்க அரசு அதனைத் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தது. பதிவேடு ஊரை உண்டாக்கவில்லை; முன்பே இருந்த ஊரைப் பதிவேடு காலந்தாழ்த்திக் கண்டுகொண்டது.

ஐடில்வைல்டு புகலிடம் மட்டுமாக இருந்திருந்தால், பிற கதவுகள் திறந்த அன்றே அதன் கதை முடிந்திருக்கும். தேவை தீர்ந்த பின்னும் ‘இது எம்முடையது’ என்று சொல்ல மக்கள் இருந்தமையால் அது ஊராயிற்று. இதுவே நம் தீர்ப்பு.

இத்தீர்ப்பு நமக்கும் பொருந்தும். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டுபாய்சுக்கு மடல் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலைக்கும் இந்தியத் தீண்டப்படாதோர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையை எடுத்துக்காட்டி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அவர்கள் அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். டுபாய்சும் பரிவோடு மறுமொழி எழுதினார். அந்த உறவின் வழியே நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. பிறர் கதவடைத்ததால் நாம் கட்டிய பள்ளிகளும் விடுதிகளும் சங்கங்களும், கதவுகள் திறந்த பின்னும் நிலைக்கத் தகுந்தவையாக இருத்தல் வேண்டும். படித்து வெளியேறும் இளைஞர்கள் எங்கும் செல்லட்டும். அது அவர்களின் உரிமை. ஆனால் வருவாய்க் கணக்கில் ஏதோ ஓர் ஊரின் ஒட்டாக எழுதப்பட்ட தம் குடியிருப்பை, ‘எம் ஊர்’ என்று தலைநிமிர்ந்து சொல்ல அவர்கள் ஒருபோதும் தயங்கலாகாது.