வெயிலை அளந்து கொடுத்தவர்கள்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சித்திரை மாதத்தில் வேலி ஓணானைக் கவனித்திருக்கிறீர்களா? காலையில் வேலி உச்சியில் ஏறி வெயில் காயும். உச்சி வேளையில் நிழலுக்குள் ஓடிவிடும். பாம்பு, பல்லி, முதலை எல்லாமே இப்படித்தான். நம்மைப் போல உடம்புக்குள்ளேயே போதிய சூட்டை உண்டாக்கிக்கொள்ள அவற்றால் முடியாது. வெளியிலிருந்துதான் பெற வேண்டும். அப்படியானால் கூண்டில் அடைத்த பிராணிக்கு வெயிலும் நிழலும் யார் கொடுப்பது?

உலகின் முதல் ஊர்வன இல்லம் 1849ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் திறக்கப்பட்டது. குளிர் நாடு அல்லவா, அங்கே சூடேற்றுவதுதான் கவலை. 1927ல் அங்கு திறக்கப்பட்ட புதிய இல்லத்தை வடிவமைத்தவர் ஜோன் புராக்டர் என்ற பெண் விஞ்ஞானி. கட்டடம் முழுவதையும் ஒரே அளவில் சூடாக்காமல், ஒவ்வொரு கூண்டுக்கும் வேண்டிய சூட்டை மின்சாரத்தால் தனித்தனியே கொடுத்தார்.

1944ல் அமெரிக்காவின் கவுல்ஸ், போகர்ட் இருவரும் பாலைவன ஊர்வனவற்றை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு பலரை வியக்க வைத்தது. பாலைவனப் பிராணியும் அளவு மீறிய சூட்டில் செத்துவிடும்! வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய்த்தான் அது உடல் சூட்டைச் சரியாக வைத்துக்கொள்கிறது. கூண்டில் ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் வேண்டும் என்பது இதனால்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், மாமல்லபுரத்தைத் தாண்டி வடநெம்மேலி. ரோமுலஸ் விட்டேகர் 1976ல் முதலைப் பண்ணை தொடங்கிய இடம். அங்கு சதுப்பு நில முதலையின் முட்டைகளை வைத்து நடந்த ஆய்வு 1989ல் வெளியானது. முட்டையை 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை ஒரே சூட்டில் வைத்தால் அத்தனையும் பெண் குட்டிகள். 32.5 டிகிரியில் அத்தனையும் ஆண்! ஒன்றரை டிகிரி வித்தியாசம் ஒரு தலைமுறையையே மாற்றிவிடுகிறது. இன்குபேட்டரின் தெர்மோஸ்டாட் சற்றுப் பிசகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பூமி சூடேறிவரும் இந்தக் காலத்தில் ஆற்றங்கரை மணலில் கிடக்கும் முட்டைகளுக்கும் இதே ஆபத்துதான்.

அதே வளாகத்தில் 1978ல் தொடங்கப்பட்டது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களிலும் பரவலாக வாழும் பழங்குடி மக்கள் இருளர்கள். 1972ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்த ஏற்றுமதித் தடையும் பாம்புத்தோல் வியாபாரத்தை நிறுத்தியதும் இருளர் பலருடைய பிழைப்பு போயிற்று. விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுக்கும் தொழில் அவர்களுக்குக் கை கொடுத்தது. பிடித்த பாம்பை அவர்கள் வைத்தது கண்ணாடிப் பெட்டியில் அல்ல, மண்பானையில். உள்ளே மணல், வாயில் துணி. இருட்டு, காற்று, வெயில் படாத இடம். மின்சாரச் செலவே இல்லை! மூன்று நான்கு வாரங்களில் நான்கு முறை விஷம் எடுத்தபின் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

லண்டனில் சூட்டைக் கூட்ட வேண்டியிருந்தது, இங்கே தணிக்க வேண்டியிருந்தது. அளவு தெரிய வேண்டும் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது. ஆகவே ஊர்வனவற்றைப் பராமரிப்பவர் முதலில் வாங்க வேண்டியது ஹீட்டர் அல்ல, வெப்பமானி!