இருபத்தொன்று: ஒரு சீட்டாட்டத்தின் விதிகளும் வரலாறும்

விளையாட்டுக்களின் விதிகள் வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பதில்லை. ஆயினும், பணத்தைப் பணயமாக வைத்து ஆடப்படும் ஓர் ஆட்டத்தின் விதிகளை வகுத்தோர் யாவர், அவற்றைக் காலத்துக்குக் காலம் மாற்றியோர் யாவர், அம்மாற்றங்களால் பயனடைந்தோர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுமிடத்து, அவ்விதிகளும் சமூக வரலாற்றின் ஒரு கூறாகிவிடுகின்றன. கசினோ எனப்படும் சூதாட்ட விடுதிகளில் பெருவழக்குப் பெற்ற 'பிளாக் ஜாக்' என்னும் சீட்டாட்டம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இவ்வாட்டத்தின் மூலவடிவம் ஐரோப்பாவிற்கு உரியது. ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்ரிஸ் 1613இல் வெளியிட்ட கதைத்தொகுதியில், இருபத்தொன்று என்னும் ஆட்டத்தில் வல்லவனான ஓர் ஏமாற்றுக்காரச் சிறுவன் இடம்பெறுகின்றான். ஆசு என்னும் சீட்டை ஒன்றாகவோ பதினொன்றாகவோ கொள்ளலாம் என்னும் விதி அக்காலத்திலேயே நிலவியமை அக்கதையினாற் புலனாகின்றது. 18ஆம் நூற்றாண்டிற் பிரான்சிற் பரவிய இவ்வாட்டம், பின்னர் அத்திலாந்திக் கடலைக் கடந்து அமெரிக்காவை அடைந்தது. 1931இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியதும், அது விடுதிகளின் நிலையான வருவாய்க்கு வழியாயிற்று.

ஆடும் முறை எளிமையானது. இரண்டு முதல் பத்து வரையான சீட்டுக்கள் தத்தம் எண்பெறுமதியைக் கொண்டவை. இராசா, இராணி, ஜாக் ஆகிய மூன்றும் பத்தாகக் கொள்ளப்படும். பணயம் வைத்த ஆட்டக்காரருக்கு இரு சீட்டுக்கள் வழங்கப்படும். விடுதியின் சார்பிற் சீட்டுப் பகிர்பவரும் இரண்டைப் பெற்று, அவற்றுள் ஒன்றை மட்டும் திறந்து வைப்பார். ஆட்டக்காரர் விரும்பியவாறு மேலும் சீட்டுக்களைக் கேட்கலாம். ஆனால் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டின் தோல்வியுறுவார். பகிர்பவருக்கு அத்தகைய சுதந்திரம் இல்லை. 16 வரை சீட்டு எடுத்தலும் 17இல் நிற்றலும் அவருக்கு விதிக்கப்பட்ட கடமைகள். முதலிரு சீட்டுக்களிலேயே ஆசும் பத்துப் பெறுமதிச் சீட்டும் வாய்ப்பின், பணயத்தின் ஒன்றரை மடங்கு வழங்கப்படுதல் மரபு.

இவ்விதிகளை மேலோட்டமாக நோக்குவோர்க்கு இரு தரப்பும் சமநிலையில் இருப்பதாகவே தோன்றும். உண்மை அவ்வாறன்று. ஆட்டக்காரரே முதலில் ஆடவேண்டியவர். அவர் 21ஐத் தாண்டியவுடன் பணயம் பறிமுதலாகின்றது. அதன்பின் பகிர்பவரும் 21ஐத் தாண்டினாலும் அப்பணம் திரும்புவதில்லை. விடுதியின் இலாபம் முழுவதும் இவ்வொரு விதியிலேயே தங்கியுள்ளது எனலாம்.

இவ்விலாபத்தை எவ்வளவு குறைக்கலாம் என்னும் வினாவுக்கு முதன்முதலாக முறையான விடை காண முயன்றோர் மேரிலாந்தின் அபடீன் படைத்தளத்திற் பணியாற்றிய போல்ட்வின், கான்ரி, மைசல், மக்டேமற் ஆகிய நால்வராவர். மேசைக் கணிப்புப் பொறிகளின் துணையுடன் அவர்கள் கண்ட முடிவுகள் 1956இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியற் கழகத்தின் சஞ்சிகையில் வெளியாயின. பகிர்பவரின் திறந்த சீட்டு 4, 5, 6 ஆகியவற்றுள் ஒன்றாயின், 12 அல்லது அதற்கு மேற்பட்ட தொகையுடன் நின்றுவிடுக. அச்சீட்டு 7 அல்லது அதற்கு மேற்பட்டதாயின், 17ஐ எட்டும்வரை எடுத்துச் செல்க. இரு ஆசுகளையும் இரு எட்டுக்களையும் எப்போதும் பிரித்தாடுக என்பன அம்முறையின் சாரம். இவ்வாறு ஆடுவோரின் சராசரி இழப்பு 0.62 சதவீதமே என அவர்கள் கணித்தனர்.

இவ்வாய்வை வாசித்த எட்வேட் தோப் என்னும் இளங் கணிதவியலாளர் மேலும் ஒருபடி சென்றார். பகடையின் ஒவ்வோர் எறிகையும் முன்னையதிலிருந்து சுயாதீனமானது; ஆனால் கட்டிலிருந்து வெளியேறிய சீட்டோ மறுபடி கலைக்கப்படும் வரை திரும்புவதில்லை. ஆகவே, சிறிய எண்கள் வெளியேறி, பத்துக்களும் ஆசுகளும் எஞ்சியிருக்குமிடத்து வாய்ப்பு ஆட்டக்காரர் பக்கம் சாயும். ஒன்றரை மடங்கு கிடைக்கும் கை அடிக்கடி வாய்ப்பதும், 16 வரை எடுத்தே தீரவேண்டிய பகிர்பவர் எளிதில் 21ஐத் தாண்டுவதும் இதற்குக் காரணங்களாகும். மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஐ.பி.எம். 704 கணனியில் இதனை நிறுவிய தோப், 1961இல் ஆய்வுக் கட்டுரையாகவும் 1962இல் நூலாகவும் வெளியிட்டார்.

விடுதிகளின் எதிர்வினை இவ்வரலாற்றின் முக்கிய பகுதியாகும். 1964இல் லாஸ் வேகாஸ் விடுதிகள் ஆசுகளைப் பிரிப்பதைத் தடைசெய்து, பணயத்தை இரட்டிப்பதையும் கட்டுப்படுத்தின. வாடிக்கையாளர் விலகிச் செல்லவே, அம்மாற்றங்கள் விரைவிற் கைவிடப்பட்டன. பின்னர் ஒரு கட்டுக்குப் பதிலாகப் பல கட்டுக்களைச் சேர்த்தாடும் முறை பரவிற்று. சீட்டுக்களை மனத்திற் கணக்கிடுவோர் வெளியேற்றவும்பட்டனர். கருவியின்றித் தம் மூளையை மட்டும் பயன்படுத்துவது மோசடியாகாது. எனினும், வெல்லத் தெரிந்தவர் அழையா விருந்தாளியானார். நியூ ஜேர்சியில் இவ்வாறு விலக்கப்பட்ட கென் அஸ்ரன் வழக்குத் தொடர்ந்தார். ஆடும் திறமையைக் காரணம் காட்டி ஒருவரை விலக்கும் அதிகாரம் விடுதிக்குத் தனியே கிடையாதென அம்மாநில உயர்நீதிமன்றம் 1982இற் தீர்ப்பளித்தது. நெவாடாவில் அத்தகைய பாதுகாப்பு இல்லை.

21ஆம் நூற்றாண்டில் விடுதிகள் கண்ட வழி மேலும் நுட்பமானது. பல மேசைகளில் ஒன்றரை மடங்குக்குப் பதிலாக, ஐந்துக்கு ஆறு என்னும் விகிதத்திற் பரிசு வழங்கப்படுகின்றது. 10 டொலருக்கு 15 பெற்றவர் இப்போது 12ஐயே பெறுகின்றார். இத்தகைய கை ஏறத்தாழ 21 தடவைக்கு ஒருமுறை வாய்ப்பதால், இம்மாற்றம் ஆட்டக்காரரின் இழப்பைச் சுமார் 1.4 சதவீதத்தால் உயர்த்துகின்றது. அஃதாவது, 1956இற் கணிக்கப்பட்ட மொத்த இழப்பின் இருமடங்கினும் அதிகமான தொகை, எவரும் கவனியாத ஒரு சிறு விகித மாற்றத்தால் மேலதிகமாகக் கைமாறுகின்றது.

சூதில் அதிட்டமே யாவற்றையும் தீர்மானிக்கின்றது என்பது பொதுவான நம்பிக்கை. இவ்வாட்டத்தின் வரலாறு அந்நம்பிக்கையை மறுக்கின்றது. ஒரு கையின் வெற்றி தோல்வியை அதிட்டம் தீர்மானிக்கலாம். ஆயிரம் கைகளின் போக்கைத் தீர்மானிப்பது விதியே. விதியைக் கற்றறிந்தவன் ஒருகாலத்தில் வென்றான். ஆனால் விதியைத் திருத்தும் உரிமை எத்தரப்பின் கையில் இருந்ததோ, அத்தரப்பே இறுதியில் நிலைத்து நின்றது. சீட்டு மேசைக்கு அப்பாலும் இவ்வுண்மை பொருந்துமா என்பது சிந்தித்தற்குரியது.